ஏலகிரி கோடை முகாம்: ஒரு நாளில் நான்கு மணி நேரம் "சும்மா நேரமா"?

ஆவடி அம்மா (மே 2, இரவு 9.15)

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள், வயது 14. இந்த மாதம் 10 முதல் 17 வரை ஏலகிரியில் நடக்கும் கோடை முகாமுக்கு அவளுக்கும் அவள் தோழிக்கும் பணம் கட்டிவிட்டோம். போய் வந்த பிள்ளைகள் நல்ல இடம் என்றுதான் சொன்னார்கள். நேற்று தினசரி அட்டவணை வந்தது. அதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

காலை 7.30-க்கு எழுந்தால் போதும். 8.30-க்குச் சிற்றுண்டி. 9.30 முதல் 12 வரை ஒரே ஒரு வகுப்பு. மண்பாண்டம், நாடகம், பறவை பார்ப்பது, சமையல் என்று நான்கு இருக்கிறது, பிடித்ததில் சேர்ந்துகொள்ளலாம். 1 மணிக்குச் சாப்பாடு. 2 முதல் 4.30 வரை என்ன என்று பார்த்தால் "சும்மா நேரம்" என்றே அச்சடித்திருக்கிறார்கள். அப்புறம் டீ, விளையாட்டு. 6 முதல் 7.30 வரை மறுபடியும் "சும்மா நேரம்". ஆக, நாளுக்கு நான்கு மணி நேரம்.

"சும்மா இருக்க ஏலகிரி எதற்கு, நம் வீட்டு மொட்டை மாடி போதாதா?" என்கிறார் அவள் அப்பா. பள்ளி, டியூஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் என்று அவள் ஓடுவதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் நான் பதிவு செய்தேன். ஆனாலும் கையில் போன் கிடையாது, சுற்றிலும் தெரியாத பிள்ளைகள். அத்தனை நேரம் என்னதான் செய்வார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் (மே 2, இரவு 10.02)

மேடம், 22 ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு மே மாதம் முக்கியம். ஒரு வாரம் விடுவது தவறில்லை. ஆனால் அந்த வாரத்தில் நீச்சலோ, மேடைப் பேச்சோ, ஒன்றை உருப்படியாகக் கற்றுக்கொண்டு வரவேண்டும். இந்த வயதில் யாரும் பார்க்காத நேரத்தில்தான் வம்பு வரும். நான்கு மணி நேரம் அவிழ்த்து விடும் முகாமுக்கு என் பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன்.

மலைப்பாதை (மே 2, இரவு 11.40)

அக்கா, இதே மாதிரி முகாமில் ஆறு கோடைகள் நான் "அண்ணா"வாக இருந்திருக்கிறேன். அங்கே சார், மேடம், வார்டன் என்று யாரும் இல்லை. பெரியவர்கள் எல்லோரும் அண்ணா, அக்காதான். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

முதல் நாள் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் வந்து ஜோலார்பேட்டையில் இறங்குவோம். வேனில் மலையடிவாரத்துப் பொன்னேரி தாண்டினால் மலை ஏறத் தொடங்கும். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. புலவர்கள் பெயர் பாதி, கடையெழு வள்ளல்கள் பெயர் மீதி. அடுத்த வளைவு யார் என்று கத்திக்கொண்டே வருவார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தது பாரியா பேகனா என்று வேனுக்குள் சண்டையே நடக்கும். வாந்தி எடுக்கும் பிள்ளைகளும் உண்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து அனுப்புங்கள். மேலே போனதும் போனை உறையில் போட்டு, பெயர் எழுதி, அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவோம்.

அன்று மதியமே சும்மா நேரம் தொடங்கிவிடும். அதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், வெறுங்கையாகத் திரும்பும். பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து "அண்ணா, அடுத்து என்ன?" என்பார். ஒன்றும் இல்லை என்போம். நம்ப மாட்டார்கள். ஏதோ சோதனை வைத்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். இரண்டாம் நாளும் அப்படித்தான். பாதிப் பேர் தூங்கிப் போவார்கள். அந்தத் தூக்கத்தைப் பார்க்கவேண்டும் அக்கா. பத்து மாதக் களைப்பு அது.

மூன்றாம் நாள் யாரும் "அடுத்து என்ன?" என்று கேட்பதில்லை. ஆறு வருடமும் இதைக் கவனித்திருக்கிறேன். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம், அவ்வளவுதான்.

ஒரு வருடம் மூன்றாம் நாள் மதியம் கோடை மழை கொட்டியது. ஓய்ந்ததும் ஐந்தாறு பேர் சமையற்கட்டுக்குப் பின்னால் ஓடிய தண்ணீரை மறித்து அணை கட்ட ஆரம்பித்தார்கள். முதல் அணை உடைந்தது. மண் மட்டும் போட்டால் நிற்காது, நடுவே கல்லும் சருகும் வைக்கவேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். மறுநாள் மதகு வைத்தார்கள். அதற்கடுத்த நாள் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள், பெயர் வைப்பது பற்றி ஒரு கூட்டம்கூட நடந்தது. இதை நாங்கள் ஒரு வகுப்பாக நடத்தியிருந்தால் இருபது நிமிடத்தில் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

அதே வருடம் யாரிடமும் பேசாத ஒரு பையன் இருந்தான். தினமும் 2 மணிக்குச் சமையல் அக்காவிடம் போய் உட்கார்ந்து பூண்டு உரிப்பான். எங்களில் ஒருவர் அவனை விளையாட்டில் சேர்த்துவிடலாம் என்றார். வேண்டாம், விடுங்கள் என்று சமையல் அக்காதான் தடுத்தார். ஐந்தாம் நாள் அந்தப் பையன் இருபது பேருக்கு ரசம் வைத்தான். நன்றாக இருந்தது. அதற்கப்புறம் சாப்பாட்டு வரிசையில் எல்லோரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

வேறு என்ன செய்வார்கள்? திண்ணையில் ஐந்தாங்கல், கேரம், ஊனோ சீட்டு. துணி துவைக்கப் போய் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. ஒரு பெண் எட்டு நாளும் ஒரே பலா மரத்தை வரைந்தாள். பேச்சு, பேச்சு, பேச்சு. வீட்டில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிற பிள்ளை இங்கே இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசும்.

வீட்டு மொட்டை மாடி போதாதா என்று அண்ணன் கேட்பது நியாயமான கேள்விதான். வீட்டில் சும்மா இருந்தால் போன் இருக்கிறது, "எழுந்து போய்ப் படி" என்று ஒரு குரல் இருக்கிறது. முக்கியமாக, சும்மா இருக்கும் இன்னும் முப்பது பிள்ளைகள் அங்கே இல்லை.

பிளஸ் டூ பெண் (மே 3, காலை 8.20)

ஆன்ட்டி, போன வருடம் நான் இப்படி ஒரு முகாமுக்குப் போனேன், அப்போது 16 வயது. மேலே அண்ணா சொன்ன "அடுத்து என்ன?" கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

எனக்கு மறக்கவே முடியாதது சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் தேய்க்கும் முறை. ஆறு பேர் ஒரு குழு, எல்லோருக்கும் முறை வரும். பெரிய அண்டாவைத் தேய்க்கும்போது பேசியதெல்லாம் வேறு எங்கும் பேசியதில்லை. ஒரு பெண் தன் அப்பா அம்மா பிரிந்ததை அப்போதுதான் சொன்னாள். கையில் வேலை இருந்ததால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அதனால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். இப்போதும் நாங்கள் ஆறு பேரும் பேசிக்கொள்கிறோம்.

பலாப்பழ சீசன் அது. பழத்தை வாங்கி வந்து கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாங்களே அறுத்தோம். எண்ணெய் தடவாமல் தொட்ட ஒருவன் இரண்டு நாள் பிசினோடு திரிந்தான்.

இரவில் மின்சாரம் போனால் மைதானத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவோம். வானம் தெரிந்த ஓர் அக்கா சொல்லிக்கொடுத்தார். வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வால் வளைந்து போகும் திசையிலேயே போனால் சுவாதி, இன்னும் நீட்டினால் சித்திரை நட்சத்திரம். சித்திரை மாதப் பௌர்ணமி நிலா இதன் பக்கத்தில் வருவதால்தான் மாதத்துக்கே அந்தப் பெயர் என்றார். நான் பத்து வருடமாக நாள்காட்டியில் பார்த்த பெயர், அது ஒரு நட்சத்திரம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்பது, ஒன்பதரை மணிக்குத் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு தெரியும், சின்னச் சிலுவை மாதிரி. பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய தொலைநோக்கி இருப்பதும், அதை அங்கே வைத்ததற்கு இந்த இருட்டும் ஒரு காரணம் என்பதும் அப்போது கேட்டதுதான்.

நான் முகாமில் எதையும் "முடிக்கவில்லை". சான்றிதழும் இல்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு சோறு வடிக்க, துணி துவைக்க, தெரியாதவர்களிடம் முதலில் பேச எனக்குத் தயக்கம் போய்விட்டது.

சாரணர் ஆசிரியர் (ஓய்வு) (மே 3, காலை 10.45)

ஒரு பழைய செய்தியைச் சேர்க்கிறேன். சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட முதல் முகாமை பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்தினார். இருபது சொச்சம் பையன்கள். பணக்காரப் பள்ளிப் பையன்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் வேண்டுமென்றே கலந்து குழு பிரித்தார். ராணுவத்திலிருந்து வந்த மனிதர், கட்டுப்பாட்டுக்குப் பேர் போனவர். அவர் போட்ட அட்டவணையிலேயே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாய ஓய்வு இருந்தது, அந்த நேரத்தில் பேசவே கூடாது. ஓய்வை முகாமின் ஒரு பகுதியாக வைப்பது புதிதாக யாரோ சோம்பலில் கண்டுபிடித்தது அல்ல.

நானும் 30 வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆரம்பத்தில் ஐந்து மணிக்கு விசில் ஊதுவேன். பத்து மணிக்கு விளக்கணைக்கும்வரை ஒரு நிமிடம் விட மாட்டேன். நான்காம் நாள் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும். கொடுக்கிற வேலையைக் குறைத்த பிறகு அது நின்றது. அந்த முதல் பத்து வருடப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

கணக்கு வாத்தியார் (மே 3, மதியம் 1.10)

ஐயா சொல்வதை மறுக்கவில்லை, ஓய்வு வேண்டும். பூண்டு உரித்த பையனைப் படித்தபோது என் வகுப்பில் இருக்கும் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பையன்களும் பெண்களும் சேர்ந்த முகாம், நான்கு மணி நேரம், பெரியவர்கள் எங்கே இருப்பார்கள்? மலைப்பாதை தம்பி நேராகப் பதில் சொல்லவேண்டும்.

மலைப்பாதை (மே 3, மதியம் 2.35)

சரியான கேள்வி சார். சும்மா நேரம் பிள்ளைகளுக்குத்தான், எங்களுக்கு அது அதிக வேலை உள்ள நேரம்.

எங்கள் முகாமில் இருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். வளாகத்தை ஐந்து இடமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். புத்தகம் படிப்பார், கயிறு பின்னுவார், பிள்ளைகள் செய்வதில் தலையிட மாட்டார். பூட்டிய அறையில் ஒரு பிள்ளையும் ஒரு பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். பெண்கள் தங்கும் பக்கம் ஆண்கள் யாரும் போவதில்லை, சமையல் சாமான் தூக்குபவர் உட்பட. கேட்டுக்கு வெளியே போக ஒரு அண்ணாவோ அக்காவோ கூட வரவேண்டும். புங்கனூர் ஏரிப் பக்கம் நாங்களாகக் கூட்டிப்போனால்தான். மூன்று வேளையும் தலை எண்ணிக்கை.

ஆவடி அக்கா, இதை எல்லாம் முகாம்காரர்களிடம் போனில் கேளுங்கள். தயங்காமல், வரிசையாகப் பதில் சொன்னால் அனுப்புங்கள். "பயப்படாதீங்க மேடம், நாங்க பார்த்துப்போம்" என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

திருப்பத்தூர் நர்ஸ் (மே 3, மாலை 6.50)

நான் இந்தப் பக்கத்துக்காரி. சில விஷயங்கள் சொல்லவேண்டும்.

7.30-க்கு எழுவதை யாரும் குறை சொல்லாதீர்கள். வளர் பருவத்தில் உடலின் தூக்க நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப் போகிறது, தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பது தாமதமாவதால். இரவு 11 வரை தூக்கம் வராதது திமிர் இல்லை. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதனால்தான் 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளை 8.30-க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்றது.

ஏலகிரியை ஊட்டி என்று நினைத்து ஸ்வெட்டர் மூட்டை கட்டாதீர்கள். உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர்தான். மே மாதம் பகலில் நல்ல வெயில் அடிக்கும். தொப்பி, தண்ணீர் பாட்டில், பருத்தித் துணி, இரவுக்கு ஒரு போர்வை போதும். ஜலகாம்பாறை அருவியில் குளிக்கலாம் என்று ஆசை காட்டாதீர்கள், கோடையில் பெரும்பாலும் வறண்டுதான் கிடக்கும்.

மகளுக்கு மாதவிடாய் வரும் தேதி அருகில் இருந்தால், அங்கே பொறுப்பில் இருக்கும் அக்காவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நாப்கின் கூடுதலாக வையுங்கள், கழிவறையில் குப்பைக்கூடை இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நாள் முழுக்க மாற்றாமல் இருந்து எங்களிடம் வரும் பிள்ளைகள் உண்டு. வீசிங், அலர்ஜி எது இருந்தாலும் தாளில் எழுதி, மருந்தைச் சீட்டோடு கொடுங்கள்.

அப்புறம், அட்டவணையில் ஏலகிரியிலேயே உள்ள சுவாமிமலை ஏற்றம் இருக்கிறதா? மங்கலம் கிராமத்திலிருந்து ஏறுவது. பிள்ளைகளுக்கு அருமையான பாதை. ஆனால் அது காட்டுப் பாதை, வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று. அனுமதிச் சீட்டு, வழிகாட்டி இரண்டும் உண்டா என்று கேளுங்கள். கோடையில் விறகு போட்டு கேம்ப் ஃபயர் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுவில் ஒரு அரிக்கன் விளக்கு வைத்தாலே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள்.

நியூஜெர்சி அப்பா (மே 4, காலை 5.30)

இங்கே சில பிள்ளைகள் ஏழு வாரம்கூட முகாமில் தங்குவார்கள். என் மகன் முதல் முறை இரண்டு வாரம் போனபோது நான் செய்த தவறைச் சொல்கிறேன். "பிடிக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டாம் நாளே அழுது கடிதம் எழுதினான். அப்புறம் ஒவ்வொரு நாளும் அப்பா இன்று வருவாரா என்றே காத்திருந்திருக்கிறான், எதிலும் சேரவில்லை. குழந்தை மருத்துவர்களும் இந்த வாக்குறுதியைத் தராதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள் என்று பிறகு படித்தேன். உன்னால் சமாளிக்க முடியாது என்று நாமே முதலில் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

அதற்குப் பதில், வீட்டு நினைவு வரும், இரவில் அழுகை வந்தாலும் தப்பில்லை, அக்காவிடம் போய்ச் சொல் என்று சொல்லுங்கள். போவதற்கு முன் பாட்டி வீட்டில் இரண்டு இரவு தனியாகத் தங்க வையுங்கள். தபால் அட்டையில் கடிதம் எழுதுங்கள். "நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள்.

ஆவடி அம்மா (மே 4, இரவு 9.50)

எல்லோருக்கும் நன்றி. போன் செய்து எல்லாவற்றையும் கேட்டேன். அனுமதிச் சீட்டைக் காட்டினார்கள், வளாகத்தில் யார் எங்கே இருப்பார்கள் என்ற தாளையும் அனுப்பினார்கள். கேம்ப் ஃபயர் இல்லையாம். இவரும் உட்கார்ந்து இந்த இழையைப் படித்தார். அனுப்புகிறோம்.

கணக்கு வாத்தியார் (மே 5, காலை 7.05)

நல்லது மேடம். நான்கு மணி நேரம் அதிகம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், மதிய நேரம் மட்டும் போதும். ஆனால் தம்பி சொன்ன ஐந்து இடக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. மகள் வந்ததும் எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.

ஆவடி அம்மா (மே 19, மாலை 5.20)

வந்துவிட்டாள். நேற்று முழுக்கத் தூங்கினாள். கொஞ்சம் கறுத்திருக்கிறாள், முழங்காலில் சிராய்ப்பு, ஒரு சாக்ஸ் காணவில்லை.

என்ன செய்தாய் என்று கேட்டால் "ஒன்றும் செய்யவில்லை அம்மா" என்கிறாள். அப்புறம் சாப்பிடும்போது, தலை சீவும்போது என்று துண்டு துண்டாக வருகிறது. முதல் இரண்டு நாள் தோழியோடு ஒட்டிக்கொண்டே இருந்தாளாம். மூன்றாம் நாள் அவர்கள் இருவருக்கும் சண்டை. அந்தச் சும்மா நேரத்தில் போவதற்கு வேறு ஆள் இல்லாமல், திருவண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டில் பதினொரு ஆடு இருக்கிறதாம். ஒவ்வொன்றின் பெயரும் குணமும் இவளுக்கு இப்போது மனப்பாடம். ஆறாம் நாள் தோழியோடும் சமாதானம். எப்படி என்று கேட்டேன். "சண்டை போட்டுக்கொண்டு அவ்வளவு நேரம் சும்மா உட்கார முடியாது அம்மா" என்றாள்.

பிளஸ் டூ பெண்ணுக்கு ஒரு கேள்வி. இவளும் திரிசங்கு பார்த்தாளாம். ஆவடியிலிருந்து தெரியுமா என்று அவள் அப்பா கேட்கிறார். இன்று இரவு இருவரும் மொட்டை மாடிக்குப் போகப் போகிறார்கள்.

பிளஸ் டூ பெண் (மே 19, மாலை 6.05)

தெரியும் ஆன்ட்டி. ஒன்பது மணிக்கு நேர் தெற்கே, கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்துக்குள் இருக்கும். இடது பக்கம் இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள் தெரிந்தால், அவை காட்டும் திசையில் வலது பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். தெற்கே உயரமான கட்டடம் இருந்தால் மட்டும் கஷ்டம். தெருவிளக்கு கண்ணில் படாமல் கைப்பிடிச் சுவருக்குக் கீழே பாய் விரித்துப் பத்து நிமிடம் காத்திருந்து, அப்புறம் எழுந்து பார்க்கட்டும்.